கார் எஞ்சின்ல ஜெனரேற்றர், மில், பம்ப் ஓட்டேக்க கம்பியூட்டர் குழப்பினா எங்க பாக்கிறது

கார்ல இருந்து கழட்டின பெற்றோல் இஞ்செக்‌ஷன் எஞ்சின கம்பியூட்டரோடயே ஒரு சட்டத்தில ஏத்தி ஜெனரேற்றரோ அரிசி மில்லோ தண்ணிப் பம்போ ஓட்டப் பாக்கிறாக்களுக்கு இத எழுதுறன். 2022 பங்குனிக் கடைசியில இலங்கையில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், அந்த நேரம் மில்லு வச்சிருக்கிற எல்லாருக்கும் சொந்தமா ஒரு ஜெனரேற்றர் வேணும் எண்டு விளங்கினது. பழைய டீசல் எஞ்சின் எண்டால் பிரச்சினை குறைவு, ஏனெண்டா வேகத்த ஒரே அளவில பிடிக்கிற கவனர் அந்த டீசல் பம்புக்குள்ளயே இருக்கு, லீவர ஒரு இடத்தில கட்டி விட்டா தானா வேகத்த பிடிச்சுக்கொண்டு ஓடும். கார் பெற்றோல் எஞ்சின்ல அது கிடையாது, அங்கதான் எல்லாரும் மாட்டுப்படுறது.

முதல்ல ஒண்ட விளங்கிக்கொள்ளுங்கோ, மிச்சம் எல்லாம் இதில இருந்துதான் வருது. கார் கம்பியூட்டர் வேகத்த பிடிச்சு வச்சிருக்கிற சாமான் இல்ல. உள்ள வாற காத்துக்கு அளவா பெற்றோலும், நேரத்துக்கு ஸ்பார்க்கும் குடுக்கிறதுதான் அதின்ர வேலை. வேகம் பாக்கிறது டிரைவர்ர கால். மேடு வந்தா அமத்துவார், பள்ளம் வந்தா விடுவார். வேகம் எண்டு கம்பியூட்டர் தானா கவனிக்கிறது ரெண்டே இடத்தில, ஒண்டு ஐடில் (கால் வைக்காம சும்மா ஓடுற வேகம்), மற்றது ஆகக்கூடின வேகத்தில வெட்டுறது. இடையில நிமிசத்துக்கு 1500 சுத்தில நிண்டாலும் 3000ல நிண்டாலும் அதுக்குக் கவலை இல்ல. அதால டிரைவர்ர காலுக்குப் பதிலா ஒரு கவனர் வேணும்: பிளைவீல் பல்லுக்கு முன்னால வேகத்த எண்ணுற ஒரு மக்னெற்றிக் பிக்கப், ஒரு கவனர் பெட்டி, காத்து வழிய திறந்து மூடுற த்ரொட்டில திருப்புறதுக்கு ஒரு அக்சுவேற்றர். காத்து கவனர்ர பொறுப்பு, பெற்றோலும் ஸ்பார்க்கும் கம்பியூட்டர்ர பொறுப்பு. ரெண்டும் ஒரே வேலைய செய்யப் போனா, ஒரு மாட்டுக்கு ரெண்டு பேர் ரெண்டு பக்கம் கயிறு பிடிச்ச மாதிரித்தான்.

எஞ்சின் இன்னும் வாங்கேல்ல எண்டால் கேபிள் த்ரொட்டில் உள்ளதா, மனுவல் கியர் கம்பியூட்டரா பாத்து வாங்குங்கோ. ஒரே எஞ்சின் நம்பர் ரெண்டு மாதிரியும் வரும், டொயோட்டா 1என்இசட் கேபிளோடயும் வந்திருக்கு, எலக்ட்றோனிக் த்ரொட்டிலோடயும் வந்திருக்கு. வயர் கட்டு வெட்டாம முழுசா, திறப்போட, களவு போகாமத் தடுக்கிற இமொபிலைசர் பெட்டி இருந்தா அதோட சேத்து எடுங்கோ. ஆயிரம் ரெண்டாயிரம் குறையுது எண்டு வெட்டின வயரோட எடுத்தா பிறகு அழவேண்டி வரும்.

கம்பியூட்டர் எழுதி வைக்கிற பிழை நம்பர (கோட்) பாக்கிறதுக்கு எல்லாருக்கும் ஸ்கானர் தேவையில்ல. பழைய டொயோட்டா எண்டால் டயக்னோசிஸ் பெட்டிக்குள்ள டிஈ1, ஈ1 எண்டு எழுதின ரெண்டு முனையையும் ஒரு வயரால தொடுத்து திறப்ப ஒன் பண்ணினா செக் லைட் மினுங்கி நம்பர் சொல்லும். 22 எண்டால் தண்ணிச் சூட்டுச் சென்சர், 41 த்ரொட்டில் சென்சர், 42 வண்டி வேகம், 52 நொக் சென்சர். பாத்து முடிஞ்ச உடன அந்த வயர கழட்டிப்போடுங்கோ, ஏனெண்டு கீழ சொல்லுறன்.

ஸ்ராட் வருது, ஒண்டு ரெண்டு செக்கன்ல நிண்டுடுது

ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி பத்தி உடன நிக்குது, செக்கியூரிட்டி லைட் மினுங்குது எண்டால் இமொபிலைசர். சிப் உள்ள திறப்பு, அதுக்கு சோடியான பெட்டி, சாவிவாயச் சுத்தி இருக்கிற சுருள், மூண்டும் அந்தக் கார்லயே வந்ததா இருக்கவேணும். வேற கார்ர திறப்பு சரிவராது. அப்பிடி ஒண்டும் இல்லாத பழைய எஞ்சின் எண்டால் பெற்றோல் பம்ப் றிலேய பாருங்கோ. சாவி ஸ்ராட்டில நிக்கேக்க ஒரு வழியாலயும், எஞ்சின் ஓடத் தொடங்கின பிறகு இன்னொரு வழியாலயும் பம்புக்கு கரண்ட் போகுது, அந்த ரெண்டாவது வழி இணைக்காம விட்டா சாவிய விட்ட உடன பம்ப் நிண்டுடும். இஞ்செக்டருக்குப் பெற்றோல் குடுக்கிற ரெயிலில பிறெசர் 3 பாருக்குக் கிட்ட நிக்கவேணும்.

சுத்துது, பத்துதே இல்ல எண்டால் ரெண்டு விசயம். ஸ்ராட்டர் சுத்தேக்க கம்பியூட்டருக்கு எஸ்டிஏ எண்டு ஒரு 12 வோல்ற் சிக்னல் போகவேணும், அது போகாட்டி காலமையில குளிர் எஞ்சினுக்கு கூடுதலா பெற்றோல் குடுக்க கம்பியூட்டருக்குத் தெரியாது. மற்றது கவனர் செய்யிற வேலை: வேகம் காணாது எண்டு பாத்து கவனர் பெட்டி ஸ்ராட் நேரத்தில த்ரொட்டில முழுசா திறந்து பிடிக்கும், அது டீசலுக்குச் சரி, பெற்றோலுக்குச் சரியில்ல. சில கம்பியூட்டர் முழுத் த்ரொட்டிலோட ஸ்ராட்டர் சுத்தினா ஸ்பார்க் பிளக் நனைஞ்சிட்டுது எண்டு நினைச்சு இஞ்செக்டர மூடிப்போடும். கவனர் பெட்டியில ஸ்ராட் நேர அளவைக் குறைக்க ஒரு திருகாணி இருந்தா கால்வாசித் திறப்புக்குக் கொண்டுவாங்கோ. இல்லாட்டி அக்சுவேற்றர் வயருக்கு ஒரு சுவிச்ச போட்டு, எஞ்சின் பத்தின பிறகு கவனர ஒன் பண்ணுங்கோ.

லோட் இல்லாம ஓடேக்க ஏறி இறங்குது, லோட் போட்ட உடன சரியாகுது

இதுதான் கூடுதலா வாறது, கூடுதலா பிழையாப் பாக்கிறதும் இதுதான். உடன எல்லாரும் கவனர் பெட்டியில கை வச்சு திருகாணி எல்லாத்தையும் திருப்பிப்போடுவாங்கள். கவனர தொடாதேங்கோ, பிழை அங்க இல்ல.

லோட் இல்லாம 1500ல (ஜெனரேற்றருக்கு வேண்டிய வேகம்) ஓட எஞ்சினுக்கு வேண்டிய காத்து மெத்தக் குறைவு. த்ரொட்டில் மூடியிருக்கேக்க காத்து விடுற ஐடில் வால்வால வாற காத்தே கிட்டத்தட்ட காணும். அதால கவனர் த்ரொட்டில முழுசா மூடிவிடும். மூடின உடன த்ரொட்டில் சென்சர்ல இருக்கிற ஐடில் சுவிச் கம்பியூட்டருக்குச் சொல்லும், டிரைவர் கால எடுத்திட்டார் எண்டு. கம்பியூட்டர் பாக்கும், ஐடில் எண்டால் 750 நிக்கவேணும், இது 1500 நிக்குது, அப்ப ஐடில் வால்வ மூடு. வேகம் இன்னும் கூட இருந்தா, வண்டி பள்ளத்தில இறங்குது எண்டு நினைச்சு இஞ்செக்டரையே வெட்டிவிடும், இந்த வெட்டு வேகம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், எஞ்சின் குளிரா இருக்கேக்க உயரத்தில இருக்கும், சூடானாப் பிறகு இறங்கும். வேகம் தொப்பெண்டு விழும், கவனர் திறக்கும், ஐடில் சுவிச் விடும், பெற்றோல் திரும்ப வரும், வேகம் தாண்டிப்போகும், கவனர் மூடும், திரும்பவும் அதேதான். காதுக்கு ஊங்... ஊங்... எண்டு ஒரே தாளத்தில கேக்கும். குளிரா இருக்கேக்க நல்லா ஓடி சூடானாப் பிறகு ஆடத் தொடங்கினா ஐமிச்சமே வேண்டாம், இதுதான்.

செய்யவேண்டியது: த்ரொட்டில் முழுசா மூடாதமாதிரி ஸ்ரொப் திருகாணிய ஒரு சொட்டு உள்ளுக்கு விடுங்கோ. ஐடில் சுவிச் வயர் தனியா இருக்கிற சென்சர் எண்டால் அந்த ஒரு வயர மட்டும் கழட்டி நுனியில ரேப் சுத்தி வையுங்கோ, வெட்டி எறியாதேங்கோ. அதுக்குப் பிறகு கம்பியூட்டர் எப்பவும் டிரைவர் கொஞ்சம் கால் வச்சிருக்கிறார் எண்டே நினைக்கும். மூண்டு வயர் மட்டும் உள்ள சென்சர் எண்டால் ஐடில் எண்டு கம்பியூட்டர் வோல்ற்ற வச்சுத்தான் தீர்மானிக்குது, அதுக்கு ஸ்ரொப் திருகாணிதான் வழி. ஐடில் வால்வுக்குப் போற காத்து வழிய ஒரு தகட்டு பாக்கிங்கால அடைக்கலாம், ஆனா அதின்ர வயர் பிளக்க பூட்டின மேனிக்கே விடுங்கோ, கழட்டினா கோட் விழும். இவ்வளவும் செய்தா எஞ்சின் 750ல அமைதியா ஐடில் நிக்காது, ஜெனரேற்றருக்கு அது தேவையுமில்ல. ஒண்ட மறக்கவேண்டாம், டிஸ்ரிபியூட்டர் உள்ள எஞ்சின் எண்டால் ஸ்பார்க் டைமிங்க 10 பாகையில வைக்கிற வேலைய ஐடில் வயர கழட்ட முதல் முடியுங்கோ, ஐடில் சிக்னல் இல்லாட்டி டைமிங் ஓரிடத்தில நிக்காது.

லோட் போட்டாலும் ஆடுது

இப்ப கவனர் பக்கம் வரலாம், ஆனா திருகாணிக்கு முதல் கம்பியப் பாருங்கோ. அக்சுவேற்றருக்கும் த்ரொட்டிலுக்கும் இடையில இருக்கிற இணைப்புக் கம்பியில தளர்வு இருந்தா, போல் ஜொயின்ற் தேஞ்சிருந்தா, எந்த செற்றிங்கும் நிக்காது. அடுத்தது கோணம். த்ரொட்டில் வட்டத்தகடு முதல் சில பாகை திறக்கேக்கயே காத்து கனக்கப் போயிடும், பாதிக்கு மேல திறந்தாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. அதால கம்பிய நேர்கோடா ரெண்டு லீவரும் ஒரே அளவா திரும்புறமாதிரி பூட்டினா லோட் குறைவில ஆடும், லோட் கூட இழுக்காது. மூடின நிலையில அக்சுவேற்றர் லீவரும் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில நிக்கட்டும், அப்ப அக்சுவேற்றர் கனக்கத் திரும்பினாலும் த்ரொட்டில் கொஞ்சமாத்தான் அசையும், திறக்கத் திறக்க ஓட்டம் கூடும். அக்சுவேற்றர்ர முழு ஓட்டத்தில மூண்டில ரெண்டு பங்காவது பாவிக்கிறமாதிரி லீவர் ஓட்டைய தெரிவுசெய்யுங்கோ.

பிக்கப் பல்லில தொடும்வரைக்கும் திருகி, பிறகு முக்கால் சுத்து வெளிய எடுத்து லொக் நட்ட இறுக்குங்கோ. ஸ்ராட்டர் சுத்தேக்க அதின்ர ரெண்டு வயருக்கும் இடையில ஏசி 1 வோல்ற்றாவது வரவேணும். ஹேர்ட்ஸ் மீற்றர் இருந்தா கணக்கும் பாக்கலாம், பல்லு எண்ணிக்கைய வேகத்தால பெருக்கி 60ஆல பிரிச்சாச் சரி, 110 பல்லு 1500ல ஓடினா 2750 ஹேர்ட்ஸ். பிக்கப் வயர் சீல்ட் உள்ளதா இருக்கவேணும், அந்த சீல்ட்ட கவனர் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்கோ. ஸ்பார்க் பிளக் வயரோட சேத்து ஒரே கட்டா கட்டினா ஒழுங்கில்லாம வெட்டி வெட்டி ஓடும்.

ஆட்டம் விறுவிறெண்டு நடுங்குறமாதிரி, செக்கனுக்கு மூண்டு தரத்துக்கு மேல எண்டால் கெயின் (கவனர் எவ்வளவு பலமாத் திருத்துது எண்ட செற்றிங்) கூட, இல்லாட்டி வயர்ல சத்தம். ஆறுதலா ஏறி இறங்கினா ஸ்ரபிலிற்றி (எவ்வளவு கெதியாத் திருத்துது எண்ட செற்றிங்), கம்பி, இல்லாட்டி பெற்றோல் பக்கம். லோட் இல்லாமல் வச்சு கெயின ஆடத் தொடங்கும்வரைக்கும் கூட்டி, ஆட்டம் நிண்ட இடத்தில இருந்து இன்னும் ஒரு சொட்டுக் குறையுங்கோ, பிறகு ஸ்ரபிலிற்றியையும் அதே மாதிரி. அப்பவும் அடங்கேல்ல எண்டால் கொஞ்சம் ட்றூப் குடுங்கோ, அதாவது லோட் ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்க விடுறது. லோட் இல்லாம 52 ஹேர்ட்ஸ், முழு லோட்டில 50, இது மில்லுக்கும் பம்புக்கும் தாராளமாக் காணும். மீற்றர்ல எப்பவும் 50.0 நிக்கவேணும் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டு எஞ்சின வருத்தவேண்டாம்.

கொஞ்ச நாள் நல்லா ஓடிப்போட்டு ஆடத் தொடங்கினா எர்த் வயர பாருங்கோ. முல்லைத்தீவுக் கரையில உப்புக்காத்து வயர் பிளக்குகள பச்சை பிடிக்க வைக்கும், மில்லுக்குள்ள எலி வயர கடிக்கும். கம்பியூட்டர்ர எர்த் வயர் எல்லாம் எஞ்சின் புளொக்கில சுரண்டின வெள்ளை இரும்பில பூட்டியிருக்கவேணும், பெயின்ற் அடிச்ச சட்டத்தில இல்ல.

எலக்ட்றோனிக் த்ரொட்டில், கவனர் கேட்டாலும் ஏறுதே இல்ல

ஸ்கானர்ல பி2138 இல்லாட்டி பி2121 எண்ட பெடல் சென்சர் கோட் நிக்கும். பெடல் சென்சர் ரெண்டு சிக்னல் குடுக்குது, டொயோட்டாவில கால் வைக்காம ஒண்டு 0.8 வோல்ற்றுக்குக் கிட்ட, மற்றது அதுக்கும் மேல 0.8 கூட நிக்கும். ரெண்டும் சேந்து ஏறி சேந்து இறங்கவேணும். கவனர்ர ஒரே வெளியீட்ட ரெண்டு வயருக்கும் குடுத்தா கம்பியூட்டர் உடன பிழை பிடிச்சு த்ரொட்டில் மோட்டருக்கு கரண்ட்ட வெட்டும், தகடு ஸ்பிறிங்கில கொஞ்சம் திறந்த நிலையில நிண்டுடும். எலக்ட்றோனிக்ஸ் தெரிஞ்சாக்கள் சேர்க்கிட் கட்டலாம். எனக்குச் சரியாப்படுற வழி, பெடல கால்மிதியோட முழுசாக் கழட்டிக்கொண்டு வந்து சட்டத்தில பூட்டி, அக்சுவேற்றரால அந்தப் பெடலையே அமத்துறது. ரெண்டு சிக்னலும் உண்மையான சிக்னல், கம்பியூட்டருக்கு ஒரு குறையும் இல்ல.

ஆனா இதில ஒரு விலை இருக்கு. பெடலுக்கும் தகட்டுக்கும் இடையில கம்பியூட்டர் தன்ர கணக்குப் போட்டு, ஓடுறாக்களுக்கு உலுப்பாம மெல்லமாத் திறக்கும். கவனருக்கு அந்தப் பிந்துதல் ஒத்துவராது. கெயின நல்லாக் குறைச்சு ட்றூப்ப 5 வீதம் வரைக்கும் கூட்டினாத்தான் அடங்கும். பம்புக்கு இது சரி. பெரிய மோட்டர் அடிக்கடி ஸ்ராட் பண்ணுற மில்லுக்கு கேபிள் த்ரொட்டில் எஞ்சினையே தேடுங்கோ. குறூஸ் கொன்றோல வச்சு ஓட்டலாமோ எண்டும் கேக்கிறவை இருக்கினம். ஓட்டேலாது. அது எஞ்சின் வேகத்த இல்ல, வண்டி வேகத்தப் பாக்குது.

கொஞ்ச நேரம் நல்லா ஓடும், பிறகு செக் லைட் பத்தி இழுவை குறையும்

லோட் ஏறி நிக்குது, வண்டி வேகம் பூச்சியம். கம்பியூட்டர் பாத்து வேகச் சென்சர் பழுது எண்டு எழுதும், பழசில 42, புதுசில பி0500. கன எஞ்சின்ல லைட் மட்டும்தான், ஓட்டத்துக்கு ஒண்டும் செய்யாது, அப்பிடி எண்டால் விட்டுவிடுங்கோ. இழுவை குறைஞ்சா பொய்ச் சிக்னல் குடுக்கலாம். ஜப்பான் கார்ல மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மீற்றர் கேபிள் நிமிசத்துக்கு 637 சுத்து, சுத்துக்கு நாலு பல்ஸ், அதாவது 42 ஹேர்ட்ஸ் சொச்சம். 555 எண்ட ரைமர் ஐசியில ஒரு சின்ன சேர்க்கிட் காணும். 180 கிலோமீற்றர்ல வெட்டுற கம்பியூட்டர்கள் அவை, அதால பல்ஸ தாறுமாறா கூட்டவேண்டாம்.

ஓட்டோ கியர் கம்பியூட்டர் எண்டால் இல்லாத கியர்பொக்ஸ்ர சொலனொயிட்டையும் (கியர் மாத்துற மின்காந்த வால்வு) தேடும். அந்தந்த வயருக்கு சொலனொயிட் அளவான றெசிஸ்டர் போடலாம், 12 ஓம் எண்டால் 12 வாட்ஸ் சூடு வரும், அதால 25 வாட்ஸ் சாமான் போட்டு காத்துப்படுற இடத்தில வையுங்கோ. பார்க், நியூட்ரல் வயர நியூட்ரல் நிலையில விடுங்கோ, இல்லாட்டி ஸ்ராட்டரே சுத்தாது.

மோட்டர ஒன் பண்ணின உடன எஞ்சின் அமந்து போகுது

கணக்கு: எஞ்சின்ர முறுக்கு விசைய நியூட்டன் மீற்றர்ல எடுத்து வேகத்தால பெருக்கி 9549ஆல பிரிச்சா கிலோவாட். ஒண்டரை லீற்றர் பெற்றோல் எஞ்சின் 1500ல முழுசா அமத்தினாலும் 110 நியூட்டன் மீற்றர் எண்டு வச்சா 17 கிலோவாட்டுக்குக் கிட்டத்தான். பெயர்ப்பலகையில 100 குதிரை எண்டு இருக்கிறது 6000 வேகத்தில. நாள் முழுக்க ஓடுறதுக்கு அந்த 17ல 60 வீதம்தான் நம்பலாம், 10 கிலோவாட். 10 குதிரை மோட்டர் ஒண்டு நேரடியா ஸ்ராட் பண்ணேக்க ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், அது எப்பிடித் தாங்கும்? ஸ்ராட் கரண்ட்டக் குறைக்கிற ஸ்ரார் டெல்ரா ஸ்ராட்டர் போடுங்கோ, மில்ல வெறுமையா ஸ்ராட் பண்ணி பிறகு நெல்லு விடுங்கோ. இல்லாட்டி எஞ்சின 2400ல ஓடவிட்டு பெல்ட்டால ஜெனரேற்றர 1500க்கு இறக்குங்கோ, ஜெனரேற்றர் புல்லி எஞ்சின் புல்லியைவிட 1.6 மடங்கு பெருசு. எஞ்சின் சத்தம் மாறாம ஹேர்ட்ஸ் மட்டும் விழுந்தா பெல்ட் வழுக்குது, கவனர்ல குறை இல்ல.

ஜெனரேற்றர்ர வோல்ற்ற ஒழுங்காப் பிடிக்கிற ஏவிஆர்ல வேகம் விழேக்க வோல்ற்றையும் சேத்து இறக்கிற ஒரு செற்றிங் இருக்கு, 47 ஹேர்ட்ஸ் அளவில வச்சிருந்தா எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பம்புக்காரருக்கு ஒண்டு: வேகத்த 10 வீதம் கூட்டினா பவர் 33 வீதம் கூடக் கேக்கும். தண்ணி கொஞ்சம் கூட வரட்டும் எண்டு கவனர ஏத்தி வச்சிட்டு எஞ்சின் இழுக்குதில்ல எண்டு சொல்லக்கூடாது.

சூடாகுது, பவர் இல்ல

காருக்கு ஓட்டத்தில காத்து வருது, இதுக்கு வராது. பெரிய றேடியேற்றரும் எப்பவும் சுத்துற பானும் வேணும், மில்லுப் பக்கம் உமி வந்து றேடியேற்றர்ர கண்ணெல்லாத்தையும் அடைச்சுப்போடும், சிறுபோகம் வெட்டுற வெய்யில் காலத்தில ஒவ்வொரு நாளும் ஊதித் துப்பரவாக்குங்கோ. சூட்டுச் சென்சர மீற்றரால பாக்கலாம், 20 பாகையில ரெண்டரை கிலோஓம் அளவில, 80 பாகையில 300 ஓம் அளவில நிக்கவேணும். அது பிழையாச் சொன்னா கம்பியூட்டர் குளிர் எண்டு நினைச்சு பெற்றோல ஊத்தும், கறுப்புப் புகை வரும். டிஈ1, ஈ1 வயர் மாட்டின மேனிக்கு இருந்தா டைமிங் சரியா முன்னுக்குப் போகாம பவரும் போய் சைலன்சரும் சிவக்கும், அதாலதான் கழட்டச் சொன்னது.

பெற்றோல் விலைக்கு மண்ணெண்ணெய் கலக்கலாமோ எண்டு கேப்பியள். சண்டைக் காலத்தில பெற்றோலுக்குத் தடை இருக்கேக்க மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள், அது காபரேற்றர். இஞ்செக்‌ஷன் எஞ்சின்ல ஒக்சிசன் சென்சர் கரி பிடிக்கும், எரியாத எண்ணெய் ஓயிலுக்குள்ள இறங்கி பெயாரிங்க தின்னும். செய்யாதேங்கோ.

திடீரெண்டு வேகம் ஏறிப்போகுது

உடன சாவிய ஓவ் பண்ணுங்கோ, பிறகுதான் காரணம் தேடுறது. பிக்கப் வயர் அறுந்தா நல்ல கவனர் பெட்டி தானா மூடிவிடும். கம்பி கழண்டாலும் த்ரொட்டில் ஸ்பிறிங் இழுத்து மூடவேணும், அதால காரோட வந்த ஸ்பிறிங்க கழட்டாதேங்கோ, கூட ஒண்டு போடுங்கோ. இதுக்கு மேல கவனரோட ஒரு தொடுப்பும் இல்லாத தனி ஓவர்ஸ்பீட் சுவிச் ஒண்டு கட்டாயம் வேணும், 15 வீதத்துக்கு மேல, 1500க்கு 1725ல வெட்டுறமாதிரி. அது இஞ்செக்‌ஷன் மெயின் றிலேய விழுத்தவேணும், அக்சுவேற்றர இல்ல, ஏனெண்டா இறுகி நிக்கிறது அக்சுவேற்றராவும் இருக்கலாம். காசு காணாட்டி வேற எதையாவது பிறகு வாங்குங்கோ, இது இல்லாம பெல்ட்ட மாட்டவேண்டாம், பிள்ளையள் நிக்கிற இடத்திலதான் இதுகள் ஓடுது.

பூட்டினாப் பிறகு பெல்ட்ட கழட்டிவச்சு, பிரேக்கர் ஓவ் பண்ணி, ஒருத்தர் சாவியில கை வச்சு நிக்க மற்றவர் த்ரொட்டில மெல்லமா கையால திறந்து 1725ல வெட்டுதா பாருங்கோ. போகத்துக்கு ஒருக்கா, மில்லு தொடங்க முதல், திரும்பவும் பாருங்கோ.